சிகிச்சை பலனின்றி

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்த மறுநாளிலிருந்து செய்தித்தாளில் ஒரு வாக்கியம் வரத் தொடங்கும்: 'சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்.' 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் வெடித்தபோதும் சாவுக் கணக்கு அன்றோடு நிற்கவில்லை. அடுத்த நாள்களிலும் ஏறியது. இலக்கணம் சொல்லித்தரும் பிழைப்பு என்பதால் இந்த வாக்கியம் எனக்கு உறுத்துகிறது. எழுவாய் செத்துப்போனவள். 'பலனின்றி' என்பது வெறும் எச்சம். எந்தச் சிகிச்சை, எதனால் பலிக்கவில்லை என்று கேட்க இதில் இடமே வைக்கவில்லை.

கேட்டால் பதில் இருக்கிறது. உடம்பில் பெரும்பகுதி வெந்து வருகிறவளுக்கு முதல் இரண்டு நாள் ஆபத்து நீரிழப்பு. அதைக் கடந்துவிட்டால் பிறகு கொல்வது பெரும்பாலும் தொற்று. தோல்தான் நமக்கும் கிருமிகளுக்கும் நடுவிலுள்ள சுவர். சுவர் போனபின் வெந்த சதை கிருமிக்குச் சோறு. சூடோமோனாஸ், அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா ஆகியவற்றை அவள் ஆலையிலிருந்து கொண்டுவருவது அரிது. அவை வார்டில் காத்திருக்கின்றன: தண்ணீர்க் குழாயில், கட்டு மாற்றும் தள்ளுவண்டியில், கழுவ நேரமில்லாத கையில். (செவிலியரைக் குறைசொல்லவில்லை. ஒருத்தியிடம் எத்தனை கட்டில்களை ஒப்படைக்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.) அவளோ ஏற்கெனவே இளைத்தவள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. திரி சொருகியும் பெட்டி ஒட்டியும் கூலி வாங்குகிறவள் அதற்கு விலக்காகிவிடமாட்டாள்.

இந்தக் கிருமிகளைப் பற்றி நமக்குத் தெரியாமலில்லை. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்த ஆய்வு லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே சிதைக்கும் என்டிஎம்-1 என்ற நொதியை உண்டாக்கும் மரபணு, கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகளில் பரவியிருப்பதை அது காட்டியது. 44 மாதிரிகள் சென்னையைச் சேர்ந்தவை. அந்த மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது.

நாடு எதற்குக் கொதித்தது தெரியுமா? பெயருக்கு. அந்த நொதியின் பெயரில் 'புதுதில்லி' இருக்கிறதாம். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதியாம். நாடாளுமன்றம்வரை போனது இந்த மானப் பிரச்சினை. மானம் போகிறதென்று வீட்டு விஷயத்தை மூடிமறைக்கும் குடும்பத்தை நமக்குத் தெரியும். அரசும் அதே வீட்டில் வளர்ந்ததுதான். 2012இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள், அப்துல் கஃபூர் முன்னெடுத்த சென்னைப் பிரகடனத்தின் வழியே ஆன்டிபயாடிக் விற்பனைக்கும் மருத்துவமனைத் தொற்றுக்கும் கட்டுப்பாடு கேட்டன. மறு ஆண்டு மருந்துச் சட்டத்தில் ஹெச்1 அட்டவணை வந்தது. மருந்துக்கடைக்கு ஒரு பதிவேடு கிடைத்தது. தீக்காய வார்டுக்கு?

அந்த வார்டில் பட்டாசுப் பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டிலில் 'ஸ்டவ் வெடித்தவள்' கிடப்பாள். பிரச்சி சங்கவி, கவி பல்லா, வீணா தாஸ் ஆகியோரின் மதிப்பீட்டின்படி 2001இல் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000 பேர். அவர்களில் 1,06,000 பேர் பெண்கள். ஒருத்தியை ஆலை எரித்தது, இன்னொருத்தியை வீடு. இருவரையும் முடிப்பது ஒரே கிருமியாக இருக்கலாம். மரண வாக்குமூலம் வாங்க நீதித்துறை நடுவர் வருகிறார். சீழின் வாக்குமூலத்தை யாரும் வெளியிடுவதில்லை.

முதலில் ஆலை வெடிக்காமல் பாருங்கள், வார்டைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள் தோழர்கள். உள்குத்தகையையும் உரிம மீறலையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் வெடியில் பிழைத்தவளை வார்டில் சாகவிடுவதற்கு ஆலை முதலாளி மட்டும் பொறுப்பல்ல. அங்கே முதலாளி அரசு.

ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியே தணிக்கை செய்யும் வழக்கத்தை இந்த மாநிலம் உருவாக்கியிருக்கிறது. பிரசவத்தில் ஒருத்தி இறந்தால் எங்கே தாமதம், எது இல்லை, யார் வரவில்லை என்று கேட்கத் தெரிந்த அரசுதான் இது. அவள் கருவுற்றிருந்தால் கேட்கிற அதே கேள்விகளைக் கருகிக் கிடக்கும்போதும் கேட்கட்டும். சிவகாசியிலும் மதுரையிலும் ஒவ்வொரு தீக்காயச் சாவுக்கும் எழுதி வெளியிட வேண்டும்: எத்தனையாவது நாள் காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்துக்கு அது அடங்கவில்லை, அன்றிரவு எத்தனை கட்டிலுக்கு ஒரு செவிலியர் இருந்தார்.