பொட்டி தட்டுறவன் குறிப்புகள் - 17: தண்ணி கேன் சைஸில் ஒரு கேமிங் பொட்டி

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் ஈ ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆள் எஸ்கேப்புன்னு நினைச்சு சந்தோஷப்பட்டவங்க மன்னிக்கவும். யாங்கோன் போயிருந்தேன். செமஸ்டர் லீவு, மூணு மணி நேர ஃப்ளைட், கூடவே செக்-இன் பேக்கில் துண்டு துண்டாக் கழட்டின ஒரு கம்ப்யூட்டர். கதை கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல ஒரு கொசுவத்தி. எங்க தாத்தா 1964-ல் ரங்கூனை விட்டுக் கிளம்பின கூட்டத்துல ஒருத்தர். நெ வின் அரசாங்கம் கடைகளை எல்லாம் தேசியமயமாக்கி, அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாதுன்னு சொன்ன பிறகு, கையில் தூக்க முடிஞ்சதோட கப்பலேறி மெட்ராஸ் வந்து சேர்ந்தார். அவர் தம்பி மட்டும் "நான் வரலை"ன்னு அங்கேயே தங்கிட்டார். அந்தச் சின்னத் தாத்தாவோட பேரன் தான் இன்னைக்கு ஹீரோ. எனக்குத் தம்பி முறை. பேர் வேண்டாம், தம்பின்னே வச்சுக்குவோம்.

தம்பி பகல்ல கல்யாண வீடியோ எடிட் பண்றான். ராத்திரி கேம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அங்கே அமல்படுத்தினதிலிருந்து சித்தி அவனை இருட்டினப்புறம் வாசலைத் தாண்ட விடறதில்லை. இருபத்தி மூணு வயசுப் பையன். சினேகிதப் பசங்க பாதிப் பேர் வெளிநாடு போயாச்சு, மீதிப் பேரை ராத்திரி எட்டு மணிக்கு கேம்ல தான் பார்க்கிறான். அவனோட பழைய லேப்டாப் போன வருஷம் உயிரை விட்டுடுச்சு. "அண்ணே, ஒரு பொட்டி செட் பண்ணிக் கொடு"ன்னு கேட்டான். ரெண்டு வருஷமா சேர்த்த காசு. 2021 ஆரம்பத்துல ஒரு டாலருக்கு சுமாரா 1,330 கியாட் இருந்தது, 2024-ல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டிடுச்சு. அப்ப அந்தக் காசு எவ்வளவு சுருங்கியிருக்கும்னு பார்த்துக்குங்க. ஒரு பார்ட் தப்பா வாங்கினா மாத்திக்க வழியில்லை. வித்தவன் சிங்கப்பூர்ல, பொருள் யாங்கோன்ல.

ஏன் சின்னப் பொட்டி? ஒண்ணு, நான் தூக்கிட்டுப் போகணும். ரெண்டு, அவங்க வீடு. யாங்கோன் டவுன்டவுன் ஃப்ளாட் பார்த்தவங்களுக்குத் தெரியும். பன்னிரண்டரை அடி அகலம், அம்பதடி நீளம், ரயில் பெட்டி மாதிரி. லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து கீழே வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில கிளிப். பேப்பர்காரர் கிளிப்புல மாட்டி ஆட்டினா மேலே மணி அடிக்கும், இழுத்துக்கலாம். (பொட்டியையும் அதுலயே ஏத்திடலாமான்னு கேட்டேன். சித்தி முறைச்சாங்க.) மூணாவது காரணத்தை தம்பி தான் சொன்னான். 2025 மார்ச் 28 நிலநடுக்கம் அங்கேயும் நல்லா ஆட்டியிருக்கு. "எடுத்துக்கிட்டு ஓடுற சைஸ்ல இருக்கணும்ணே." தாத்தா ஞாபகம் வந்துச்சு, ஒண்ணும் சொல்லலை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பெட்டி: பத்து லிட்டர்ல அழகழகா பெட்டி இருக்கு. ஃபிராக்டல் டெர்ரா 10.4 லிட்டர். டான் ஏ4 இன்னும் சின்னது, 7.2 லிட்டர். ஆசையா இருந்துச்சு. ஆனா அதுல எல்லாம் கிராஃபிக்ஸ் கார்டை முதுகுப்பக்கம் திருப்பி ரைசர் கேபிள்ல மாட்டணும், சிபியு கூலரும் குள்ளமா இருக்கணும். ரைசர் கேபிள் போச்சுன்னா யாங்கோன்ல எங்கே தேடுறது? அதனால கூலர் மாஸ்டர் என்ஆர்200. 18 லிட்டர் சொச்சம், நம்ம ஊர் 20 லிட்டர் தண்ணி கேனைவிடக் கொஞ்சம் சின்னது. கார்டு நேரா போர்டுலயே உட்காரும், 330 மி.மீ. நீளம் வரைக்கும் இடம் இருக்கு. ஃபேன் பெரும்பாலும் சாதாரண 120 மி.மீ., எந்தக் கடையிலும் கிடைக்கும். சின்னப் பெட்டிக்காரங்க இதைப் பூசணிக்காய்னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்.

போர்டும் சிபியுவும்: மினி ஐடிஎக்ஸ்னா 170-க்கு 170 மி.மீ. ஒரே ஒரு கார்டு ஸ்லாட், ரெண்டு ரேம் ஸ்லாட், அவ்வளவு தான். 2025 கடைசியில் ரேம் விலை ராக்கெட்ல ஏறினதால டிடிஆர்5 பக்கமே போகலை. என்கிட்ட பழைய டிடிஆர்4 ரெண்டு குச்சி சும்மா கிடந்தது. அதை வச்சு ஏஎம்4 சாக்கெட்னு முடிவு.

இங்கே தான் எனக்கும் தம்பிக்கும் சண்டை. நான் ரைசன் 5 5600-ன்னேன். அவன் 5600ஜி-ன்னான். பேர்ல ஒரு எழுத்து தான் வித்தியாசம், ஆனா உள்ளே வேற ஆள். 5600-ல் எல்3 கேஷ் 32 எம்பி, ஜி-யில் 16 தான். 5600 பிசிஐஇ 4.0 பேசும், ஜி வெறும் 3.0. நான் பார்த்து வச்சிருந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கு இருக்கிறதே எட்டு லேன். 3.0-ல் போட்டா பாதை பாதியாயிடும், கார்டோட 8 ஜிபி மெமரி நிரம்பி வழியுற கேம்ல திக்கித் திணறும். எல்லாத்தையும் வாய்ஸ் மெசேஜ்ல லெக்சர் அடிச்சேன்.

பதில் ஒரே வரி: "அண்ணே, கார்டு போயிட்டா?"

அங்கே தான் மாட்டினேன். 5600-ல் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு செத்தா திரையே வராது. ஜி-யில் உண்டு. கேம் ஓடலைன்னாலும் கல்யாண வீடியோ ஓடும், சம்பளம் வரும். நான் யோசிச்சது ஃப்ரேம் ரேட். அவன் யோசிச்சது அடுத்த மாசச் சாப்பாடு. ஜி-க்கே ஓகே சொன்னேன்.

அதுல ஒரு லாபமும் வந்துச்சு. சிபியுவே 3.0 தான் பேசும்னா போர்டு மட்டும் 4.0 பேசி என்ன பிரயோசனம்? பி550-ஐ விட்டுட்டு செகண்ட் ஹேண்ட்ல பி450 ஐடிஎக்ஸ் வாங்கினேன். ரூமுக்கு வந்து மாட்டினா... இருட்டு. ஃபேன் சுத்துது, படம் வரலை. பி450 2018-ல் வந்த சிப்செட். இந்த போர்டுல இருந்த பயாஸ் 5000 சீரிஸ் சிபியுவை அறியாத காலத்தது. பழைய சிபியு ஒண்ணைப் போட்டு அப்டேட் பண்ணினா தான் புது சிபியு எழுந்திருக்கும். ரூம்மேட் தன் பழைய ரைசனைக் கழட்டிக் கொடுத்தான் (தெய்வம்). இதையே யாங்கோன்ல போய் முதல்முறையா மாட்டியிருந்தா? நினைச்சாலே வயித்தைக் கலக்குது. பாடம்: ஊருக்கு எடுத்துட்டுப் போற பொட்டியை இங்கேயே முழுசா மாட்டி, மூணு நாள் ஓட்டிட்டு, அப்புறம் கழட்டுங்க.

கரண்ட்: இதுக்குத் தான் இந்தப் பதிவே. மத்த ஊர்ல பொட்டி செட் பண்ணும்போது கார்டு பெட்டிக்குள்ளே நுழையுதான்னு பார்ப்போம். யாங்கோன்ல பொட்டி வீட்டு பேட்டரிக்குள்ளே நுழையுதான்னு பார்க்கணும். நான் இருந்தப்ப அந்தத் தெருவுல நாலு மணி நேரம் கரண்ட் இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது. வீட்டுல இருக்கிறது 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. அதாவது 1,280 வாட்-அவர். இன்வெர்ட்டர்ல 15 சதவீதம் வீணாப் போச்சுன்னா கையில் 1,088. ஃபேன், லைட், ரவுட்டர் சேர்த்து 90 வாட். அதுல கை வைக்க முடியாது, சித்தி வெந்து போயிடுவாங்க.

4060 முழு மூச்சுல 115 வாட். சிபியுவை பயாஸ்ல 45 வாட்டுக்குக் கட்டிப் போட்டு, கேமையும் 60 ஃப்ரேமுக்கு மேல ஓடாதேன்னு அடக்கினேன். மானிட்டரோட சேர்த்து ப்ளக் மீட்டர்ல 190 வாட் கிட்டே காட்டுச்சு. ஆக வீடு மொத்தம் 280. 1,088-ஐ 280-ஆல வகுத்தா 3 மணி 53 நிமிஷம். கரண்ட் கட் நாலு மணி நேரம். ஏழு நிமிஷம் கடன்! இதுவே நான் முதல்ல ஆசைப்பட்ட 3060-ஆ இருந்தா அது 170 வாட் கார்டு. 3 மணி 15 நிமிஷத்துல வீடே இருட்டு. கடைசியா மெமரியை விட, ஃப்ரேமை விட, வாட் தான் கார்டைத் தேர்ந்தெடுத்துச்சு.

பவர் சப்ளை: என்ஆர்200-க்கு எஸ்எஃப்எக்ஸ் தான், 125 x 100 x 63.5 மி.மீ. இதுல மூணு விஷயம் பாருங்க.

1. ஸ்டிக்கர்ல 100-240 வோல்ட்னு இருக்கணும். சில மலிவு ஐட்டம் 200-240 மட்டும் தான். 230 வர வேண்டிய இடத்துல சாயங்காலம் 180 வந்தா அது படுத்துடும்.

2. தேவைக்கு மேல வாட் வாங்குங்க. 190 வாட் பொட்டிக்கு 550 வாட் எதுக்குன்னு கேட்பீங்க. மெயின்ஸ்லேர்ந்து பேட்டரிக்கு மாறுற அந்தக் கண்சிமிட்டும் நேரத்துல பவர் சப்ளை தன் கெப்பாசிட்டர்ல இருக்கிறதை வச்சுத் தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். முழு லோடில் அது 15 மில்லி செகண்ட் சுத்துவட்டாரம் தான் தாங்கும். லோடு கம்மியா இருந்தா இன்னும் கொஞ்சம் அதிகம்.

3. செத்துட்டா? சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளையை பெட்டிக்கு வெளியே வச்சு ஒயரை உள்ளே விட்டும் ஓட்டலாம், பார்க்க அசிங்கமா இருக்கும், அவ்வளவு தான். ஆனா பழைய மாடுலர் கேபிளைப் புது சப்ளையில சொருகாதீங்க. சப்ளை பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. போர்டு புகைஞ்சிடும். தம்பிகிட்ட இதை மட்டும் பேப்பர்ல எழுதி பெட்டிக்கு உள்ளேயே ஒட்டிட்டேன்.

சனிக்கிழமை மாட்டி முடிச்சோம். பெட்டியைத் தொட்டா சுரீர்னு ஒரு கூச்சம். பழைய பில்டிங், ரெண்டு முள் ப்ளக், எர்த் கிடையாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் ஒயர் இழுத்தப்புறம் தான் தம்பியை வெறுங்காலோட உட்கார விட்டேன். அப்புறம் டெஸ்ட். கரண்ட் போனதும் டப்புனு ரீஸ்டார்ட்! நெஞ்சு பக்குன்னுச்சு. தடவிப் பார்த்தா இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு குட்டி ஸ்விட்ச், நார்மல்ல இருந்தது. யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டோம், அது சீக்கிரமா மாறும்.

மறுபடி டெஸ்ட் பண்ண கரண்ட் போகணுமே. மதியம் ஒரு மணிக்குப் போக வேண்டியது, போகலை. ரெண்டு ஆச்சு, போகலை. வாழ்க்கையில முதல்முறையா மூணு பேர் ஃபேனைப் பார்த்துக்கிட்டே கரண்ட் கட்டுக்குக் காத்திருந்தோம். சித்தி, "உங்களுக்குப் பைத்தியமா?"ன்னு கேட்டுட்டு அவங்களும் உட்கார்ந்துட்டாங்க. ரெண்டே காலுக்கு ஃபேன் ஒரு நொடி தளர்ந்துச்சு. தெருவே "ஹூ..."ன்னுச்சு. திரையில தம்பியோட வண்டி நிக்காம ஓடிக்கிட்டே இருந்தது.

அன்னைக்கு ராத்திரி கரண்ட் திரும்பி வந்தப்ப வழக்கம்போல தெரு முழுக்க "மீ லா பீ!"ன்னு கூச்சல் (கரண்ட் வந்துடுச்சுன்னு அர்த்தம்). தம்பி திரும்பிக்கூடப் பார்க்கலை. ஹெட்செட்டுல பர்மீஸும் தமிழும் கலந்து யாரையோ திட்டிக்கிட்டிருந்தான். பாங்காக்ல ஒருத்தன், கோலாலம்பூர்ல ஒருத்தனாம். கூடப் படிச்சவங்க. ரொம்ப நாள் கழிச்சு அவன் சிரிச்சான்னு சித்தி சமையல்கட்டுல வச்சு என்கிட்ட சொன்னாங்க.

எங்க அப்பாவோட முதல் டேப் ரெக்கார்டர் பர்மா பஜார்ல வாங்கினது. பர்மாவிலிருந்து வந்தவங்க பீச் ஸ்டேஷன் பக்கத்துல போட்ட கடை. இப்ப பொருள் எதிர்த்திசையில போயிருக்கு. கணக்கு நேராகுதான்னு தெரியலை.

டிஸ்கி: அந்த ஏழு நிமிஷக் கடனுக்கு வழி தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா. "கேமை நிறுத்து"ன்னு சொல்றவங்களுக்கு சித்தி ஏற்கனவே மீ த பர்ஸ்ட்டு :-)