டுக்காசித்தா

"டுக்காசித்தா டிமாக்லூம்கான்..."

கைப்பேசியில் அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததுமே என் மகள் மீதியைப் படிக்கவில்லை. கைப்பேசியை என் மடியில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டாள். பாதித் துணி இன்னும் ஈரம். ஈரத்தையும் சேர்த்து மடித்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். துக்கமும் சித்தமும் சேர்ந்து மலாய்மொழிக்குள் போன சொல் அது என்று பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருமுறை சொன்னார். யார் சித்தத்தில் துக்கம்? அனுப்பியவர்களுக்கு என் பிள்ளையின் முகம் தெரியுமா? மெட்ரிகுலேஷனில் ஏன் இடமில்லை என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி அதில் இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பள்ளிப்படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வில் அவள் பத்துப் பாடம் எடுத்தாள். ஒன்பதில் ஏ, அதில் நான்கு ஏ பிளஸ். பத்தாவதில் மட்டும் ஏ மைனஸ். அந்தப் பத்தாவது பாடம் தமிழ்.

தமிழில் அவள் சோம்பியவள் இல்லை. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆனால் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அவளுக்குத் தமிழ் வகுப்பே இல்லாமல் போனது. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் வகுப்பு வைக்கலாம் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. கேட்டோம். ஒரு வருடம் தலை எண்ணிக்கை பதினைந்தைத் தொடவில்லை. அடுத்த வருடம் பதினேழு பெற்றோரிடம் வீடுவீடாகப் போய் நானே கையெழுத்து வாங்கினேன். ஆசிரியர் வரவில்லை. சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி, ஓய்வுபெற்ற அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் போய்த்தான் படித்தாள். பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த ஒன்பதிலும் ஏ வாங்கிய பிள்ளை, பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்காத ஒன்றில் ஏ மைனஸ் வாங்கினாள். இதில் தோற்றது யார்?

2024 ஜூன் 30 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்புச் செய்தார். எஸ்.பி.எம்.மில் பத்து ஏ-வும் அதற்கு மேலும் எடுக்கிற மாணவர் எந்த இனமானாலும் அவருக்கு மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் உண்டு என்றார். அப்போது இவள் படிவம் ஐந்து. செய்தியைக் கேட்ட ராத்திரி நான் பாயசம் வைத்தேன். "அம்மா, பத்து எடுத்திடுவேன்மா" என்றாள். அப்புறம்தான் தெரிந்தது, 70 முதல் 79 வரை எடுத்தால் வரும் ஏ மைனஸை அந்தப் பத்தில் சேர்க்கவில்லையாம். சேருமா சேராதா என்று 2025-இல் அரசியல்வாதிகள் மேடையில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரங்களில் என் வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் கிடந்தது அவர்கள் யாருக்கும் தெரியாது.

பத்து ஏ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நேர அட்டவணையில் ஒன்பது பாடத்துக்கு மட்டுமே இடம் வைத்திருக்கிற பள்ளியில் படிக்கும் பிள்ளை பத்தாவது ஏ-யை எந்தக் கடையில் போய் வாங்கும்? டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த வீடுகள் வாங்கிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். நான் பள்ளி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். மெட்ரிகுலேஷன் என்பது அரசாங்கமே நடத்தும் கல்லூரி. பெரும்பாலும் ஒரே வருடம். தங்குவதற்கு விடுதி, கைச்செலவுக்கு உதவித்தொகை. முடித்தால் அரசாங்கப் பல்கலைக்கழக வாசல். மெட்ரிகுலேஷனில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரருக்கும் பூர்வகுடிகளுக்கும். மீதிப் பத்துதான் சீனர், இந்தியர், மற்றவர் எல்லாருக்கும். நாட்டுக் குடிமக்களில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பேர் பூமிபுத்ரா அல்லாதவர்கள். மூன்று பேருக்கு ஒரு நாற்காலி. அந்த ஒன்றிலும் முண்டியடித்து உட்காரத் தெரியாத ஏழைப் பிள்ளைதான் நின்றுபோகிறது.

2012-இல் இந்திய மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷனில் 1,500 இடம் என்று அப்போதைய பிரதமர் நஜிப் அறிவித்தபோது எங்கள் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். இன்று நினைத்தால் அழுகை வருகிறது. எங்கள் பிள்ளைகள் படித்து வாங்க வேண்டியதை, ஒவ்வொரு தேர்தலையும் பார்த்து ஒருவர் கையால் வாங்கிக்கொள்ளப் பழக்கிவிட்டார்கள். 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக்கினார்கள். பதினைந்தாயிரம் புது இடம்! நியாயம் செய்ய அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. யாரிடமிருந்தும் ஒன்றையும் பிடுங்காமலே கொடுத்திருக்கலாம். அப்போதும் அதே தொண்ணூறு, அதே பத்து.

"எஸ்.டி.பி.எம். படிக்கலாமே, அதுவும் பல்கலைக்கழகத்துக்குத்தானே போகுது?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். படிக்கலாம். ஒன்றரை வருடம், மூன்று பருவம், நாடு முழுக்க ஒரே கேள்வித்தாள். மெட்ரிகுலேஷனில் கிடைப்பதுபோல் உதவித்தொகை கிடையாது. அங்கே ஒரு வருடத்தில் உள்தேர்வு எழுதி நான்கு புள்ளி எடுத்தவரும், இங்கே ஒன்றரை வருடம் உயிரைக் கொடுத்து நான்கு புள்ளி எடுத்தவரும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சமம் என்று வைத்திருக்கிறார்கள். ஓடும் தூரம் வேறு, ஆனால் கோட்டில் நிற்கும் கடிகாரம் ஒன்று. 2002-இல் பல்கலைக்கழகங்களுக்கு இன ஒதுக்கீடு இல்லை, இனித் தகுதிதான் என்று சொன்னார்கள். அந்தத் தகுதியைச் சம்பாதிக்கும் வழியிலேயே ஒதுக்கீடு இருக்கும்போது என்ன தகுதி?

என் மகளோடு அஞ்சு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மலாய்ப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். இவளைவிடக் குறைவான ஏ. செய்தி வந்த அன்று எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தவள், இவள் முகத்தைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் படிக்கட்டும், டாக்டராகட்டும். அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு துளி வயிற்றெரிச்சல் இல்லை. அவள் வீட்டு வறுமையைப் பார்த்து அந்த இடம் கொடுத்திருந்தால், அதே அளவு வறுமையுள்ள என் வீட்டையும் அந்தக் கண் பார்த்திருக்குமே! பார்த்தது வறுமையை இல்லை.

என் பாட்டி பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பார். வயிற்றில் என் அம்மாவோடு தீம்பாருக்குள் நடந்து, மங்கு மங்காய்ப் பால் சேர்த்துத் தூக்கியவர். தோட்டம் கைமாறி நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தபோது கையில் ஒரு பெட்டியோடும், நேர்த்திக்கு வளர்த்த ஒரு கோழியோடும் வெளியே வந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டியைப் புதைத்த இடம் இன்று எந்த வீட்டின் அடியில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. பூமிபுத்ரா என்றால் மண்ணின் பிள்ளை. என் பாட்டி அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்.

மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் சிறப்பு நிலை அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவில் இருப்பதை நான் அறிவேன். பள்ளியில் படித்துத்தான் வந்திருக்கிறேன். மற்ற சமூகத்தாரின் நியாயமான நலன்களையும் பாதுகாக்கச் சொல்லி அதே பிரிவில்தான் எழுதியிருக்கிறது. முதல் பாதியை வாசிக்கிற குரல் இரண்டாம் பாதிக்கு வரும்போது ஏன் தேய்ந்துபோகிறது?

மேல்முறையீடு செய்யப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், கடைசியாக இடம் வாங்கிய பிள்ளையின் மதிப்பெண் என்ன, சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டேன். சொல்ல இயலாது என்றார். "என் பிள்ளை எத்தனை அடி பின்னால் நிற்கிறாள் என்றாவது சொல்லுங்கள். ஒரு அடியா, நூறு அடியா?" அதற்கும் பதில் இல்லை. இவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்மா, வாங்க."

கேட்பது இவ்வளவுதான். வருடா வருடம் எண்ணிக்கையை வெளியிடுங்கள். எந்த இனத்தில், எந்த வருமானத்தில், எத்தனை ஏ-யோடு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். என் மகளைவிட அதிகம் எடுத்தவர்களால் அது நிரம்பியிருந்தால், அவளைவிடக் கஷ்டப்பட்டவர்களால் நிரம்பியிருந்தால், நானே அவளை உட்காரவைத்துச் சொல்லிப் புரியவைக்கிறேன்.

அன்று ராத்திரி மேல்முறையீட்டுப் பாரத்தை அவளே நிரப்பினாள். பெயர், அடையாள அட்டை எண், பள்ளி, பெற்றோர் வருமானம் எல்லாம் மளமளவென்று போனது. 'பாங்சா' என்ற கட்டத்தில் நின்றாள். இனம். அதுவும் வம்சம் என்ற சொல்தான் என்று சொல்லிக்கொடுத்தார்களாம்.

"இதை எழுதாம விட்டா என்னம்மா ஆகும்?" என்றாள்.

"வாங்கிக்க மாட்டாங்கம்மா."

பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுதினாள்.