துக்ளக் சபையில் வேடதாரி யார்?

கிரீஷ் கர்னாட் 1964-இல் கன்னடத்தில் படைத்த ‘துக்ளக்’ நாடகத்தை, நேரு காலத்துக் கனவுகள் கலைந்த கதை எனக் கூறி அமைவோர் பலர். நல்லெண்ணம் கொண்ட மன்னன் தோற்றான், அவனுக்காக இரங்குக என்பது அவர்தம் தீர்ப்பு. அத்தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று.

நாடகத்தில் வேடமிடுவோன் அஸீஸ் என்னும் சலவைத் தொழிலாளி என்பர். அவன் அந்தணனாக நடித்து அரசன்மீதே வழக்காடி வென்றான். கலீபா மரபினர் ஒருவரைக் கொன்று, அவராகவே அரண்மனை புகுந்தான். மெய்தான். ஆனால், தன் சாயலுடைய ஷேக் இமாமுத்தீனுக்கு அரச உடை அணிவித்து, சமாதானத் தூது என்று அனுப்பிப் பலியிட்டவன் யார்? ஷிகாபுத்தீனைத் தன் கையாலேயே குத்திக் கொன்று, தன்னைக் காக்க உயிர்நீத்த தியாகி என அறிவிக்கச் செய்தவன் யார்? சுல்தான் அன்றோ!

வேடம் வெளிப்பட்ட பின்னும் அஸீஸுக்குத் தண்டனை இல்லை. தக்காணத்தில் பதவி கிடைக்கிறது. இதனைக் கருணை என்பது பேதைமை. கலீபா மரபின் ஆசியால் தொழுகையை மீண்டும் தொடங்க முனைந்த அரசன், ஆசி தந்தவன் போலி என்று ஊரறிய எங்ஙனம் உரைப்பான்? அவன் வேடத்தைக் கலைத்தால் தன் வேடமும் கலையுமே!

தௌலதாபாத் செல்லும் வழியில், நோயுற்ற குழந்தையை வைத்தியரிடம் கொண்டுசெல்ல அனுமதி வேண்டிய தாயிடம் அஸீஸ் பணம் கேட்கிறான். அப்போது அவன் சுல்தானின் ஊழியன். மன்னனுக்காகக் கண்ணீர் சிந்தும் திறனாய்வாளர் அத்தாயை மறக்கலாம். அரசுப் பணியில் உழலும் நாம் மறத்தல் தகாது.