கிணற்றில் இறங்குமுன் காற்றைச் சோதித்தல்

கோடையில் நீர்மட்டம் தாழ்ந்ததும் கிணறுகளைத் தூர்வாரும் வேலை ஊர்தோறும் தொடங்கிவிடுகிறது. நெடுநாள் இறைக்காமல் கிடந்த கிணற்றில் இறங்கிய ஆள் மயங்கி விழுவதும், அவரைத் தூக்கச் சென்ற இரண்டாமவரும் மூன்றாமவரும் அவ்வாறே மாய்வதும் கிராமங்களுக்குப் புதிய செய்திகளல்ல. இவற்றை விதியென்றோ, காத்துக் கருப்பின் வேலையென்றோ சொல்லி அமைதி கொள்வது தகாது. இவை காற்றின் குறையால் நேரும் மரணங்கள்; தடுக்கக்கூடியவை. தடுக்கும் பொறுப்பு கிணற்றுக்கு உடையவரையே முதலில் சாரும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு. 78 பங்கு நைட்ரஜன். பிராணவாயு 19.5 பங்குக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்வது பாதுகாப்பன்று. அது 16 பங்குக்குத் தாழ்ந்தால் நிதானம் தவறத் தொடங்கும். 10 பங்குக்குக் கீழே உணர்வு தப்பும். 6 பங்குக்குக் கீழே சில மூச்சுகளில் விழுந்து, சில நிமிஷங்களில் உயிர் பிரியும்.

கிணற்றில் இக்குறை நேரும் விதம் எளிதில் விளங்கும். மக்கும் சருகும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும், வேர்களும் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. கரியமிலவாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமுள்ளது. ஆதலால் அடியில் தங்கிவிடும். அன்றியும், வானிலை மாறிக் காற்றழுத்தம் குறையும்போது, மண்ணிடுக்குகளிலுள்ள கெட்ட காற்று கிணற்றுக்குள் கசிந்து வரும். நேற்று இறங்கி ஏறிய கிணறு இன்று கொல்லுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மூச்சுத் திணறினால் ஏறிவிடலாம் என்னும் நம்பிக்கை பலரிடம் உண்டு. அது பிழை. நமது மூச்சை முக்கியமாக நடத்துவது பிராணவாயுவின் குறைவன்று, கரியமிலவாயுவின் மிகுதியே என்பதை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் அறிஞர்கள் 1905ஆம் ஆண்டில் விளக்கினர். ஆகவே பிராணவாயு மட்டும் குறைந்த இடத்தில் திணறலே தோன்றாமல் மனிதன் விழுவான். கரியமிலவாயு மிகுந்த இடத்தில் மூச்சு இரைக்கும். ஆயினும் அதை உணரும்போதே கைகால் தளர்ந்துவிடும்.

விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் பழமையானது. விளக்கு அணைந்தால் ஆபத்து நிச்சயம். ஆனால் அணையாவிட்டால் ஆபத்தில்லை என்பது பெறப்படாது. சேற்றிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் ஸல்பைடையும், கிணற்றுக்குள் எண்ணெய் எஞ்சினை இயக்குவதால் சேரும் கார்பன் மோனாக்ஸைடையும் விளக்கு காட்டாது. எரியும் வாயு இருந்தாலோ, விளக்கே வெடிப்புக்குக் காரணமாகிவிடும். வேப்பங்குழையை இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்குவதும் ஓரளவே பயன்படும்.

தானியக் குழிகளுக்கும் இதுவே பொருந்தும். மூடிய குழியில் தானியமும் பூச்சிகளும் பிராணவாயுவைச் செலவிட்டுவிடுகின்றன. எக்காற்று வண்டுகளைக் கொன்று சோளத்தைக் காக்கிறதோ, அக்காற்றே குழியில் இறங்குபவரையும் கொல்லும்.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தன் 36ஆம் பிரிவில், ஆபத்தான ஆவி இருக்கக்கூடிய தொட்டி, குழி முதலியவற்றில், தகுதியுடையவர் சோதித்து எழுத்துமூலம் சான்றளித்த பின்னரோ, சுவாசக் கருவியும் கயிறு பிணைத்த இடைவாரும் அணிந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கும் நிலையிலோ அன்றி எவரும் இறங்கலாகாது என விதித்தது. ஆலைத் தொழிலாளிக்கு அன்றே உரிய இக்காவல், பண்ணைக் கிணற்றில் இறங்கும் கூலியாளுக்கு மட்டும் வேண்டாதது ஆகுமா?

சட்டத்துக்காகக் காத்திராமல் கிராமமே இதை வழக்கமாக்குதல் நலம். பிராணவாயுவையும் நச்சு வாயுக்களையும் அளக்கும் கைக்கருவி ஒன்றை ஊராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ பொதுவில் வாங்கி வைக்கலாம். இறங்குமுன் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிச் சோதித்தல் வேண்டும். ஊதுவிசிறியும் குழாயும் கொண்டு புதுக்காற்றை அடிவரை செலுத்தி, மீண்டும் சோதித்தல் வேண்டும். இறங்குபவரின் மார்பில் வாரிட்டு, மேலே இருவர் இராட்டினத்தில் வடம் பிடித்து நிற்றல் வேண்டும். எஞ்சின் கிணற்றுக்கு வெளியிலேயே ஓடவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவர் விழுந்தால் மற்றொருவர் வெறுமனே இறங்கலாகாது. வடத்தால் மேலே இழுத்தலே மீட்பு.

இவற்றிற்குச் செலவும் அரைநாள் தாமதமும் உண்டு என்பது மெய்யே. ஆயினும் வடமும் இராட்டினமும் ஏற்கெனவே கிணற்றடியில் உள்ளவை. கருவியின் விலை ஊர் பகிர்ந்துகொள்ளக்கூடியது. கூலிக்கு வந்தவர் தம் உழைப்பை விற்றாரேயன்றி உயிரை விற்கவில்லை. இதை நில உடையோர் எண்ணுவதும், சோதனையின்றித் தூர்வாரும் வேலை எங்கும் தொடங்காதபடி கிராம அதிகாரிகள் கவனிப்பதும் கடமையாகும்.