மேலாளரே, அளவையில் குறைக்காதீர்!

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஏற்காட்டில் எங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஒரு சகோதரர் என்னிடம் ஸலாம் கூறி அமர்ந்தார். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பொறியியல் மேலாளர். அவருக்குக் கீழே பதினொரு பொறியாளர்கள். குடும்பத்தோடு மூன்று நாள் விடுப்பில் மலைக்கு வந்திருந்தார். ஆயினும் குத்பாவின்போது அவர் இரண்டு முறை எழுந்து வெளியே சென்று கைபேசியில் பேசியதை, மதரஸாப் பிள்ளைகளோடு பின்வரிசையில் அமர்ந்திருந்த நான் கண்டிருந்தேன்.

அவர் கேட்டது ஒரு மஸ்அலா. "ஹஜ்ரத், பயணத்தில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு என்று அறிவேன். ஊரில் இருக்கும்போதும் தினமும் அப்படித் தொழலாமா? இரவு ஏழு மணி முதல் பத்தரை வரை எனக்கு அமெரிக்காவோடு மீட்டிங்."

விடை கூற அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு மணிக்கு முன்பே மஃரிப் நேரம் வந்துவிடுகிறது. பத்தரைக்குப் பின்னும் இஷா நேரம் இருக்கிறது. சேர்த்துத் தொழ வேண்டிய தேவையே இல்லை. "சரி, அந்த மூன்றரை மணி நேரம் உங்கள் பிள்ளைகளுடன் யார் இருக்கிறார்கள்?" என்று நான் கேட்டபோதுதான் அவர் பேச்சு நின்றது. தொழுகை நேரம் குறித்துக் கேட்க வந்தவருக்கு, தொழுகைக்கு நேரம் இருந்தது. மற்ற எதற்கும் இல்லை.

இதை எழுதத் தூண்டியது அவருடைய துயரம் மட்டுமன்று. அடுத்து அவர் சொன்ன ஒரு சொல். அவருடைய குழுவில் எவரும் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக உழைப்பதில்லையாம். ஆனால் வாராந்திர டைம்ஷீட்டில் எல்லோரும் எட்டு மணி நேரம் என்றே பதிகிறார்களாம். உண்மையை எழுதினால் மதிப்பீடு ஏன் தவறியது என்று மேலிடம் கேட்கும், ஈட்டு விடுப்புக் கொடுக்க நேரும், கணக்கு இடிக்கும். "நான்தான் அப்ரூவல் கொடுக்கிறேன் ஹஜ்ரத். எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்றார், மிக இயல்பாக.

அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம், தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்போரைக் கண்டித்துத் தொடங்குகிறது. நம் ஆலிம்கள் அதை விளக்கும்போதெல்லாம் அரிசிக் கடையையும் எண்ணெய்ச் செக்கையும் உதாரணம் காட்டுகிறோம். நான் இருபது ஆண்டுகளாக அவ்வாறே பாடம் நடத்தியிருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர உழைப்பை வாங்கிக்கொண்டு எட்டு என்று எழுதி ஒப்புதல் அளிக்கும் விரல், படிக்கல்லின் அடியைச் சுரண்டிய வணிகனின் விரலிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது? பொய்க்கணக்கில் சாட்சிக் கையெழுத்திடுபவர் மேலாளர். பதினொரு பேரையும் வாரந்தோறும் பொய் எழுதப் பழக்குபவரும் அவரே.

இதைக் கடுஞ்சொல் என்பீர்கள். மேலாளரும் ஊழியர்தானே, மேலிருந்து வரும் நெருக்கடிக்கு அவர் என்ன செய்வார் என்பீர்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதற்கு இம்மலையே சான்று.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது. காப்பியோடு மேஸ்திரிகளும் வந்தார்கள். துரைக்கும் கூலிக்கும் நடுவே நின்றவர்கள் அவர்கள். இலங்கைத் தோட்டங்களில் கங்காணி என்பார்கள். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் அங்கே கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவரும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்தான், துரைக்கு அஞ்சியவர்தான். அந்த அச்சத்தைக் காரணம் காட்டி எந்தக் கூலியின் பேரப்பிள்ளையும் இன்றுவரை கங்காணியை மன்னித்ததாக நான் அறியேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பொழுது சாய்ந்தால் காப்பிச் செடியில் கனி தெரியாது. இருள்தான் அக்கூலிகளுக்கு விடுதலையாக இருந்தது. மடிக்கணினிக்கு இருள் ஏது? கலிஃபோர்னியாவில் காலை ஒன்பது மணியென்றால், நமக்குக் குளிர்காலத்தில் இரவு பத்தரை, கோடையில் ஒன்பதரை. யாரேனும் ஒரு பக்கத்தார் வளைந்துதான் ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் வளைவது இப்பக்கமே என்று யார் முடிவு செய்தார்கள்? அந்தப் பதினொரு பேரையும் கேட்டார்களா? அவர்கள் சார்பில் தலையசைத்தவர் மேலாளர்.

புகாரியில் அபூதர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்று உண்டு. ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி அவர் இழிவுபடுத்தியபோது நபி (ஸல்) அவர்கள் கண்டித்து உரைத்தது அது. நம் கையின் கீழ் இருப்போர் நம் சகோதரர்கள்; அவர்களின் சக்திக்கு மீறிய சுமையைத் தரலாகாது; தந்துவிட்டால் நாமே துணைநின்று சுமக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த மூன்றாவது பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். வாடிக்கையாளரிடம் "வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறோம்" என்று வாக்களிப்பவர் மேலாளர். அவ்வேலையைச் செய்யப் போகிறவரைக் கேளாமலே வாக்களிக்கிறார். பிறகு நள்ளிரவில் சர்வர் நின்றுபோனால் எழுப்பப்படுவது இருபத்து நான்கு வயதுப் பையன். அந்நேரத்தில் மேலாளரும் எழுந்து அமர்கிறாரா, இல்லை காலையில் எழுந்து "ஏன் தாமதம்" என்று கேட்கிறாரா? அவர் எத்தகைய மேலாளர் என்பதை நான் இதில்தான் அறிவேன். அவருடைய சான்றிதழ்களில் அன்று.

நாட்டின் பெரிய மனிதர்கள் வேறு கணக்குச் சொல்கிறார்கள். அக்டோபர் 2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். ஜனவரி 2025இல் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். வீட்டில் மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்ற பொருள்படவும் பேசினார். ஏழு நாளும் உழைத்தால்கூட 90 என்பது நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் அளவுக்கு வரும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்கிறது. மனைவியைப் பார்ப்பது பற்றி நமக்கு வேறொரு முன்மாதிரி உண்டு. வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவருக்கு, படையை நடத்தியவருக்கு வீட்டு வேலைக்கு நேரம் இருந்தது.

சட்டம் காப்பாற்றும் என்றும் மேலாளர் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளோரை அதே சட்டம் வெளியே நிறுத்தியது. பதவி உயர்வு என்று நாம் இனிப்பு வழங்கிக் கொண்டாடும் நாளில் வேலி ஒன்று சத்தமின்றி அகற்றப்படுகிறது. நிறுவனத்தின் விசுவாசமோ? ஜூலை 2025இல் டிசிஎஸ் 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையினரே அதில் அடங்குவர் என்றும் அறிவித்தது. இருபது ஆண்டு இரவுகளைக் கொடுத்தவர்கள் இருக்கும் நிலைகள் அவை.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இந்நோயை வளர்ப்பதில் நமக்கும் பங்குண்டு. நிக்காஹ் பேச்சில் மாப்பிள்ளையின் பேக்கேஜைக் கேட்கிறோம். அமெரிக்கா செல்ல வாய்ப்புண்டா என்று கேட்கிறோம். இரவு எத்தனை மணிக்கு மடிக்கணினியை மூடுவார் என்று எந்த வலீயும் கேட்டதில்லை. எங்களைப் போன்ற ஆலிம்களும் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் பிறர் நேரத்தை அபகரித்து ஈட்டிய ஊக்கத்தொகையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஜமாஅத்துக்குப் பெரிய சந்தா தருபவர் மேலாளராக இருப்பது ஒரு காரணமோ என்று என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன்.

மேலாளராக இருக்கும் நம் சகோதரிகளின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு ஏழு மணி மீட்டிங்கும் உண்டு, ஏழு மணி அடுப்பும் உண்டு. அவர்களின் கணவன்மார்களுக்கு மேலே சொன்ன ஆயிஷா (ரலி) அவர்களின் விடையை மீண்டும் வாசிக்கச் சொல்வேன்.

உழைப்பை நான் பழிக்கவில்லை. ஜும்ஆ அழைப்பு வந்தால் வணிகத்தை விடச் சொல்லும் இறைவன், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அவன் அருளைத் தேடவும் சொல்கிறான் (62:9-10). அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தபோது, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மானையே சரிகண்டார்கள். வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால், வாடிக்கையாளரின் அறிக்கைக்கு என்ன வரம்பு?

அந்தச் சகோதரர் எழும்போது, "மேலதிகாரியிடம் என் மாலை நேரத்தைக் கேட்கட்டுமா ஹஜ்ரத்?" என்றார். முதலில் உங்களுடையதைக் கேட்காதீர்கள் என்றேன். அடுத்த திங்கட்கிழமை டைம்ஷீட்டில் உண்மை மணி நேரத்தை எழுதச் சொல்லுங்கள். இரவு அழைப்பை முறைவைத்துப் பிரியுங்கள், அம்முறையில் உங்கள் பெயரும் இருக்கட்டும். வெள்ளி மதியம் ஒரு மணி முதல் இரண்டரை வரை எந்த முஸ்லிம் பையனையும், ஞாயிறு காலை எந்தக் கிறிஸ்தவப் பையனையும் கூப்பிடாதீர்கள். அதன்பின் உங்கள் மாலையைக் கேளுங்கள்.

"டைம்ஷீட்தான் கஷ்டம்" என்று சிரித்தார். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒரு மீட்டிங் இருப்பதால் காலையிலேயே மலையிறங்க வேண்டும் என்றார். படகுத்துறையைப் பிள்ளைகள் இன்னும் பார்க்கவில்லையாம்.