உழைப்பவன் குரலுக்கு இடமில்லையா?

அச்சுப்பொறி வந்தபோது அதில் ஏறிய தமிழ் வாழ்ந்தது. ஏறாத சுவடிகள் செல்லுக்கு இரையாயின. இன்று மாந்தன் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் பொறி வந்துவிட்டது. அதன் செவியில் ஏறாத தமிழ் நாளை என்னாகும்?

பொறி தானாக எதையும் அறியாது. பல்லாயிரவர் பேச்சையும் அதற்கிணையான எழுத்தையும் ஊட்டினாலன்றி அது கற்காது. அத்தகைய குரற்செல்வம் பெருநிறுவனங்களின் பூட்டறைக்குள் முடங்கலாகாதென்றே மொசில்லா நிறுவனம் 2017-இல் 'காமன் வாய்சு' எனும் பொதுக்குரல் திட்டத்தைத் தொடங்கியது. திரையில் தோன்றும் தொடரை ஒருவர் படித்துப் பதிகிறார். வேறு இருவர் கேட்டு ஒப்பினால் அது சரியெனக் கொள்ளப்படும். தமிழும் அதில் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்குழு 2024-இல் வெளியிட்ட 'இண்டிக் வாய்சசு' தொகுப்பில் 22 மொழிகளைப் பேசும் 16,237 பேரின் குரல்கள் உள்ளன.

நன்று. ஆனால், தாமே முன்வந்து குரல் வழங்குவோர் யார்? கணிப்பொறியும் ஓய்வும் அமைதியான அறையும் உடையவரே. காசிமேட்டில் வலை இழுப்பவனுக்கும், எண்ணூரில் ஆலைச் சங்கொலிக்கு ஓடுபவனுக்கும், திருவொற்றியூரில் மீன்கூடை சுமப்பவளுக்கும் இம்மூன்றும் ஏது? 'பழம்' என்பதைப் 'பயம்' என ஒலிக்கும் அவர்தம் நாவைக் கேட்டறியாத பொறி, நாளை மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் அமர்ந்தால், சொந்த மண்ணிலேயே அவர் ஊமையராவர்.

"அது கொச்சை, அதைப் பதிவதா?" என்று முகஞ்சுளிப்போர் தமிழன்பரிடையேயும் உளர். வடசென்னையான் வாயில் கலந்த ஒருசில அயற்சொற்களைப் பழிக்கும் படிப்பாளி, வினைமுற்று ஒன்றை மட்டும் தமிழில் வைத்து ஏனையவற்றை ஆங்கிலத்தில் பேசுகிறானே, அது மட்டும் செந்தமிழோ? வாடையும் கொண்டலும் இன்றும் உயிரோடிருப்பது கடலோடியின் நாவில். ஆங்கிலமே கடன்கொண்ட சொல் கட்டுமரம். 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அமர்ந்த பாவாணர், ஏட்டு வழக்கோடு நில்லாமல் மக்கள் வழக்கையும் சான்றாகக் கொண்டவர். அவர் வழிவந்தோர் மக்கள் குரலுக்கு நாணுவதோ?

"இலவயமாகக் கொடுத்தால் அயலான் விற்றுப் பிழைப்பானே!" என்பது அடுத்த தடை. உண்மைதான், பொதுக்குரல் தொகுப்பை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஆனால், அதே உரிமை திருவொற்றியூர் மாணவனுக்கும் உண்டு. கொடாது விட்டால் என்ன நேரும்? பெருநிறுவனம் பணங்கொடுத்துக் குரல் வாங்கும். ஏழை மாணவன் வெறுங்கையோடு நிற்பான். பொதுக்கிணற்றில் செல்வனும் மொள்கிறான் என்பதற்காகக் கிணற்றையே தூர்ப்பது மதியன்று.

தமிழுணர்வாளர்களே! அத்திட்டம் காப்புரிமைத் தளையற்ற தொடர்களையே ஏற்கும். ஆகவே கடலும் துறைமுகமும் ஆலையும் பற்றி நல்ல தமிழில் புதுத்தொடர்கள் எழுதி வழங்குக. இராயபுரம் முதல் எண்ணூர் வரை படிப்பகந்தோறும் பதிவுக்கு ஓர் அறை ஒதுக்குக. வெளியான குரலை முழுதும் மீட்டல் அரிது; எனவே ஒவ்வொருவர்க்கும் அதை விளக்கி, ஒப்புதல் பெற்றே பதிக. படிக்கும் தொடர் தூயதாகட்டும். படிப்பவன் ஒலிப்பைத் திருத்த முனையாதீர்.

தமிழ் வளர்க்கவென மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனங்களும் இப்பணியில் இறங்கியாக வேண்டும். தாய்மொழியைப் பொறிக்குக் கற்பிக்கும் உரிமை தாய்மொழியாளர் அனைவர்க்கும் உரியது. அதை மாடிவீட்டார்க்கு மட்டும் எழுதிக்கொடுத்தல் தமிழ்ப்பணியாகாது, இரண்டகமே ஆகும்.