குழல் எடுக்கும் தேதி

கர்ப்பப்பை ஆபரேஷனின்போது, அதை ஒட்டி ஓடும் சிறுநீர்க் குழாயில் அபூர்வமாகக் காயம் பட்டுவிடுவதுண்டு. என் ஓரகத்திக்கு அப்படித்தான். பத்தாம் நாளிலிருந்து ஓயாத நீர்க்கசிவு. வெட்கப்பட்டுக்கொண்டு துணி மாற்றியபடியே இருந்தாள். நான்தான் டாக்டரிடம் இழுத்துப் போனேன். குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்தித் தைத்தார்கள்.

சகோதரிகளே, ஒன்றை மறக்காதீர்கள். தையல் ஆறும்வரை உள்ளே ‘ஸ்டென்ட்’ என்ற மெல்லிய குழல் வைப்பார்கள். அடிக்கடி நீர் பிரியும், இலேசாகச் சிவக்கும், பயமில்லை. குளிர் ஜுரம் வந்தால் உடனே ஓடுங்கள். பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில், சிறுநீர் வழியாகவே எடுத்துவிடுவார்கள், கத்தி படாது. ‘வலிதான் இல்லையே’ என்று விட்டுவிட்டால் கல் படிந்து சிறுநீரகமே கெட்டுவிடலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே தேதி கேட்டு, காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்!